கூடுதல் பட்டை போட்ட வண்டி

பிரேக் பெடல் தரையைத் தொடும் என்று பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2022 நவம்பரில் ஒரு விடியற்காலை, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில், பர்லியாறுக்குச் சற்று மேலே, என் காலே அதைத் தெரிந்துகொண்டது. பின்னால் 1,700 கிலோ கேரட். முன்னால் ஒரு சுற்றுலா வேன், அதன் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கையாட்டும் இரண்டு பிள்ளைகள். முதல் மிதியில் பெடல் பாதி வரை போனது. இரண்டாவது மிதியில் முழுக்கப் போனது. மூன்றாவது மிதிக்குப் பெடலே இல்லை. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு எப்படி இழுத்தேன் என்று இன்றும் நினைவில்லை, கியர் பெட்டி அலறியது மட்டும் நினைவிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லாக ஏற்றிக்கொண்டே மலைப் பக்கத்துச் சுவரில் வண்டியை உரசவிட்டேன். நின்றது. வேன் வளைவில் மறைந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது.

இறங்கிப் பார்த்தால் முன்சக்கரங்களிலிருந்து புகை, கருகிய நாற்றம். சாலையோரக் கடைக்காரர் ஒருவர் நல்ல மனதோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எனக்குப் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் அதன் வார்ப்பிரும்பு நெளியும், விரிசலும் விடும். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்பது நிமிடம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காதது போல் கெட்டியாக மேலே வந்து நின்றது. என்னை ஏமாற்றியது அதுதான். வந்துவிட்ட பிரேக்கைப் பார்த்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் "பேடு தேய்ந்திருக்கும்" என்று நானே தீர்ப்பு எழுதினேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரும் சொல்லாதது. பிரேக் போவதில் இரண்டு வகை உண்டு. பெடல் கெட்டியாக நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேடோ, டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் லைனிங்கோ சூட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது, அல்லது கால் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் உதவவில்லை. பெடல் உள்ளே போகிறது, ஆறியதும் திரும்பி வருகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் கட்டியிருக்கிறது. திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். எந்த வகை என்று மெக்கானிக்கிடம் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். நான் சொன்னதோ "பிரேக் சரியில்லைங்க" என்ற மூன்று சொல்கூட இல்லாத தகவல்.

வண்டியின் கதையையும் சொல்ல வேண்டும். கேத்திப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், கேரட்டும் பீட்ரூட்டும். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்துச் சலித்து, 2010ஆம் ஆண்டு மாடல் டீசல் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை, ஏனென்றால் குற்றம் அவர்கள் செய்ததில் இல்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். விற்ற தரகர், இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பின்பக்க ஸ்பிரிங்கைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறது, தம்பி. ஒன்றே முக்கால் டன் ஏற்றினாலும் பின்பக்கம் குனியாது." அந்த வார்த்தைக்காகவே பத்தாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்தேன். புத்தகத்தில் அந்த வண்டிக்கு எழுதியிருந்த சுமை 1,250 கிலோ. அதைப் பார்க்காமல் இல்லை, பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

சுமை விஷயத்தில் ஒரு கணக்கை அப்புறம் போட்டுப் பார்த்தேன். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். வண்டியும் சுமையுமாக மூன்றரை டன் 1,500 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். சாலையும் எதிர்க்காற்றும் கொஞ்சம் தின்னும். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மூன்றாவதில் ஓடவிட்டுப் பிரேக்கில் கால் வைத்தே இறங்கினால் அத்தனையும் நான்கு சக்கரங்களின் தலையில். என் வண்டியில் நான்குகூட இல்லை என்பது பிறகு தெரிந்தது.

முதல் பட்டறையில் பேடு மாற்றி, டிஸ்க்கைக் கடைசலில் கொடுத்துச் சமன் செய்தார்கள். 4,200 ரூபாய். அசல் பேடு கேட்டேன், "அதே தரம்தான்" என்று பெயர் தெரியாத பெட்டி ஒன்றிலிருந்து எடுத்தார்கள். அடுத்த முறை இறங்கும்போது காட்டேரி பூங்கா தாண்டியதுமே அதே நாற்றம். இந்த முறை பயந்து ஓரமாக நிறுத்திவிட்டேன், பெடல் போகவில்லை. ஆனால் பேடின் முகம் கண்ணாடி போல் வழவழப்பாகிவிட்டது.

இரண்டாவது பட்டறைக்காரர் நம்பிக்கையோடு பேசினார். "பழைய வண்டிக்குப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால்தான் நிற்கும்." பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அந்தச் சிலிண்டர்தான். பெரியது என்றால் வலியது என்று நானும் நினைத்தேன். 22 மில்லிமீட்டர் துளை உள்ளதைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் 25 மில்லிமீட்டரைப் பொருத்தினார். கூலியோடு 6,300 ரூபாய். பெடல் கல் மாதிரி கெட்டியானது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வண்டி மட்டும் முன்பைவிட மோசமாக நின்றது. இதில் மர்மம் எதுவுமில்லை, பள்ளிக்கூட இயற்பியல்தான். ஒரே விசையைப் பெரிய பரப்பில் கொடுத்தால் அழுத்தம் குறையும். 22க்குப் பதில் 25 என்றால் முன்பு 100 இருந்த அழுத்தம் 77. பெரிய சிலிண்டர் அதிக எண்ணெயைத் தள்ளும், அதனால் பெடல் குறைவாக இறங்கும், காலுக்குக் கெட்டியாகத் தெரியும். கெட்டியான பெடலை நல்ல பிரேக் என்று நினைப்பவர்கள் என்னைப் போல் நிறையப் பேர். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற காலிப்பரைப் பெரியதாகப் போட்டு, அதற்கு எண்ணெய் போதாமல் போனால்தான் பெரிய மாஸ்டர் சிலிண்டருக்கு வேலை. ஒன்றை மட்டும் மாற்றுவது வம்பு.

அடுத்த வெட்கக்கேடு என் கையால் நடந்தது. காலிப்பர் இறுகியிருக்கும் என்று யாரோ சொல்ல, கோவை உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடையில் 3,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கி வந்து, கூலி மிச்சம் என்று வீட்டு வாசலில் நானே மாட்டினேன். என் மனைவி பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து, காலிப்பரில் உள்ள நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்து, உள்ளே சிக்கிய காற்றை எடுத்தேன். எடுத்தேன், எடுத்தேன், இரண்டு நாள் எடுத்தேன். பெடல் பஞ்சாகவே இருந்தது. ஒன்றரை லிட்டர் எண்ணெய் வாசலில் ஊற்றியாகிவிட்டது. "எத்தனை தடவை மிதிக்க வேண்டும்?" என்று அவள் கேட்டபோது எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரோடு தள்ளி நின்று பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது: இரண்டு பக்கமும் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்தது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், நான் கீழே ஓட்டை வைத்துக்கொண்டு அதைத் தேடினேன். மாட்டியதும் நிப்பிள் உச்சியில் இருக்கிறதா என்று ஒரு நொடி பாருங்கள். எனக்கு அந்த ஒரு நொடி இரண்டு நாளானது, மனைவியின் கோபம் கணக்கில் சேர்க்காமல்.

அதற்குள் மண்டிக்குச் சரக்கு அனுப்ப மறுபடி வாடகை வண்டி. இந்த நிலையில் ஒருவன் எதையும் நம்புவான். மூன்றாவது பட்டறையில் "பின்னாலும் டிஸ்க் போட்டுவிடலாம், காரைப் போல் நிற்கும்" என்றதும் 48,000 ரூபாய் பேசி 18,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, தாங்கு தகடு வெட்டி, காலிப்பர் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஏதோ குறைகிறது என்று பட்டது. "ஹேண்ட் பிரேக் கம்பி எங்கே மாட்டும்?" என்று கேட்டேன். பட்டறைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "இந்தக் காலிப்பரில் அது வராது. நிறுத்தும்போது கல் வைத்துக்கொள்ளுங்கள்."

பர்லியாறுக்கு மேலே என்னைக் காப்பாற்றியது அந்தப் பின் டிரம்மில் இருந்த ஹேண்ட் பிரேக். அதைக் கழற்றத்தான் நான் 48,000 கொடுக்க இருந்தேன். வேலையை நிறுத்தச் சொன்னேன், முன்பணம் திரும்பவில்லை, வாக்குவாதம் செய்யும் தெம்பும் இல்லை. தனியாகக் கை பிரேக் பொறிமுறை உள்ள காலிப்பர்கள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதற்கும் முன்னால் சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் பார்க்க வேண்டும், அங்கே ஹேண்ட் பிரேக்கையும் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான். இதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன் யோசித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் வேனின் பின்கண்ணாடி. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன், பிறகு வாங்குகிறவன் அதே பாதையில் இறங்குவானே என்றும் நினைத்தேன். நல்ல மனதாலா, விலை வராது என்பதாலா என்று என்னையே கேட்டால் நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

கடைசியில் வழி காட்டியவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக். மண்டியில் சுமை தூக்குகிறவர் சொல்லி அனுப்பினார். பழைய அளவு மாஸ்டர் சிலிண்டரைத் திரும்ப மாட்டி, 1,000 கிலோ மட்டும் ஏற்றி, இரண்டாவது கியரில், வழியில் நான்கு இடத்தில் நிறுத்தி, ஊர்ந்து இறங்கிப் போய் அவர் பட்டறை முன் நின்றேன். அவர் எந்தக் கருவியும் எடுக்கவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய் உடனே இழுத்துக்கொண்டார். பின்சக்கரத்துக்குப் போனார், புறங்கையைக் காட்டினார், பிறகு டிரம்மின் மேல் உள்ளங்கையையே வைத்து, எடுக்காமல், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "முன்னால் சோறு வேகும், பின்னால் தண்ணீர்கூடச் சுடாது. இந்த மலையை நீங்கள் இரண்டு சக்கரத்தில் இறங்கி வந்திருக்கிறீர்கள், தம்பி."

பிறகு வண்டிக்கு அடியில் படுத்து ஒரு கம்பியைக் காட்டினார். எல்.எஸ்.பி.வி. என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு வால்வு அங்கே இருக்கிறது, லோடு வால்வு என்று வைத்துக்கொள்வோம். வால்வு சேஸி என்ற அடிச்சட்டத்தில், அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்கு. சுமை ஏறினால் சேஸி கீழே குனியும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். வண்டி காலியாக இருந்தால் சேஸி உயர்ந்து நிற்கும், வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும், காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க. சுமையை அந்த வால்வு எடை போட்டுப் பார்ப்பதில்லை. வண்டி எவ்வளவு குனிகிறது என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. கூடுதலாக இரண்டு பட்டை போட்ட என் வண்டியோ குனிவதே இல்லை. 1,700 கிலோ ஏற்றிய நாளிலும் அந்த வால்வைப் பொறுத்தவரை வண்டி காலி. பின்பக்கப் பிரேக் வேண்டிய அளவுக்குக் கிடைக்காமல், எல்லாச் சூட்டையும் முன்டிஸ்க் வாங்கி, எண்ணெயைக் கொதிக்க வைத்திருக்கிறது. தரகர் பொய் சொல்லவில்லை. குனியாது என்றுதானே சொன்னார்.

கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடலாமே, வால்வையே கழற்றிவிடலாமே என்று கேட்டேன். பலர் அப்படிச் செய்கிறார்கள் என்றார், செய்தவர்கள் மழையில் காலி வண்டியோடு திரும்பும்போது வால் சுற்றி நிற்பதையும் பார்த்திருக்கிறார். பட்டைகளைக் கழற்றி, தயாரிப்பாளர் கொடுத்த எண்ணிக்கைக்கே கொண்டுவந்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் கம்பியைச் சரிசெய்வதுதான் வழி. அழுத்தமானி உள்ள பட்டறையில் அதைச் செய்வது உத்தமம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பட்டை சேர்த்தவர்கள், இன்றைக்கே அடியில் குனிந்து அந்தக் கம்பி இருக்கிறதா, துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, யாராவது கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்று பட்டறையிலும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மற்றவை சின்னச் சின்னக் குற்றவாளிகள். பிரேக் ஆயில் பழுப்பாகி டீத்தண்ணீர் போல் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் பொருள். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு 140 தாங்கினால் போதும் என்பது தரக்கணக்கு. டாட் 4 என்றால் 230, 155. வண்டியின் கையேடு அனுமதித்ததால் டாட் 4 ஊற்றினோம். மூடி திறந்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து ஊற்ற விடாதீர்கள், புது பாட்டிலை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். ரப்பர் குழாய்கள் மூன்றும் உள்ளே உப்பியிருந்தன, மாற்றினோம். பின் டிரம்மில் தானாகச் சரிசெய்துகொள்ளும் பற்கள் துருவில் உறைந்திருந்தன, கழற்றிச் சுத்தம் செய்தார்.

பூஸ்டர் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதியது. டீசல் வண்டியில் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனிப் பம்ப் ஒன்று தருகிறது, என் வண்டியில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருந்தது. பம்பின் தகடுகள் தேய்ந்து பாதி வேலைதான் செய்தது. போதாததற்கு, பூஸ்டர் உதவுவதே வெளிக்காற்றின் அழுத்தத்தால். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். சமவெளியில் ஒழுங்காகத் தெரியும் தேய்ந்த பம்ப், மலை உச்சியில் கைவிடும். இறக்கத்தில் இன்ஜினை அணைத்து டீசல் மிச்சம் பிடிக்கிறவர்கள் பம்பையும் சேர்த்தே அணைக்கிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டர் காலி. வீட்டிலேயே சோதிக்கலாம்: இன்ஜினை அணைத்து ஐந்தாறு முறை பெடலை மிதியுங்கள், பிறகு மிதித்தபடியே இன்ஜினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே தானாக இறங்க வேண்டும். என்னுடையது இறங்கவில்லை.

அசல் பேடு, புது லைனிங், டிரம் கடைசல், குழாய்கள், பம்ப் வேலை, எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 17,400 ரூபாய். வீணாய்ப் போனதையும் எழுதி வைத்திருக்கிறேன்: முதல் பேடு 4,200, பெரிய சிலிண்டர் 6,300, உக்கடத்துக் காலிப்பர் 3,000, முன்பணம் 18,000, அன்று கேரட்டை வேறு வண்டிக்கு மாற்றிய செலவு 4,000. வண்டி ஓடாத 23 நாளுக்கு, நாளுக்கு 1,500 வீதம் 34,500. சரியாக 70,000 ரூபாய். கழற்றிய பட்டைகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன், 540 ரூபாய் கிடைத்தது.

புது பேடும் லைனிங்கும் மாட்டிய அன்றே மலையில் இறங்கவில்லை. சமவெளிச் சாலையில், காலி வண்டியில், மிதமான வேகத்திலிருந்து இருபது முறை மெல்லப் பிடித்து, இடையிடையே ஆறவிட்டு, முகம் படியச் செய்தோம். பிறகு 1,200 கிலோ ஏற்றி இறங்கினேன். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர், வளைவுக்கு முன்னால் ஒரே அழுத்தாக அழுத்தி விட்டுவிடுதல், காலைப் பெடலில் ஓய்வெடுக்க வைக்காமலிருத்தல். கல்லாற்றில் நிறுத்திப் பார்த்தபோது பின் டிரம்மில் கை வைக்க முடியவில்லை. அந்தச் சூட்டில் எனக்கு வந்த மகிழ்ச்சியை வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இப்போது தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் சிறு கருவி ஒன்று வைத்திருக்கிறேன். கொரோனா காலத்து நெற்றிக் கருவி உதவாது, அது உடம்புச் சூட்டோடு நின்றுவிடும், பட்டறைக்கு விற்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

போன மாதம் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், டயரைத் தட்டினார், பிறகு பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "கூடுதல் பட்டை இல்லையா?" என்றார். இல்லை என்றேன், ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, "அப்படியானால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.